சாபக் கல்லுக்கு ரசீது கிடையாது

"பழைய கோயில் நகையில இருந்த கல்லு சார். வச்சிருந்தவங்க குடும்பத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு கெட்டதாவே நடந்துச்சு. அதான் இந்த விலைக்குத் தர்றாங்க."

சென்னையில் ராசிக்கல் தேடி அலைகிறவர் காதில் என்றாவது ஒருநாள் விழுந்துவிடுகிற வசனம் இது. விற்பவருக்கு இந்த ஒரு பேச்சு எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். விலை ஏன் குறைவு? சாபம். பில் ஏன் இல்லை? கோயில் பொருள், வெளியே தெரியக் கூடாது. லேபில் காட்டலாமா? வெளியாள் கை பட்டால் பரிகாரம் செய்தாக வேண்டும். வாங்குபவர் கேட்க நினைக்கிற எல்லாக் கேள்விக்கும் சாபமே பதிலாகிவிடுகிறது. நாகமாணிக்கம், இரிடியம் கலசம் என்று நம் ஊரில் காலகாலமாக ஓடும் ஏமாற்று வேலைகளும் இதே தடத்தில்தான் போகின்றன. கல் உண்மையில் கோயிலிலிருந்து போனதென்றால் அது திருட்டுச் சொத்து. போகாததென்றால் பேச்சே பொய். இரண்டில் எது என்றாலும் பணம் கொடுப்பவர் நிலை மோசம்.

ஆகவே வரலாற்றை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எடை பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், மெல்லிய நைலான் இழை. இவ்வளவு போதும். காய்ந்த கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். முக்கால் டம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை இழையில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் கல்லின் ஒப்படர்த்தி, அதாவது அதே பருமன் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும்.

10 காரட் கல் என்றால் 2.00 கிராம். அது நீலமோ மாணிக்கமோ என்றால் தண்ணீரில் 0.50 காட்டும்; விடை 4.00. அமெதிஸ்ட் எனப்படும் செவ்வந்திக்கல் என்றால் 0.75 அல்லது 0.76 காட்டும், விடை 2.65ஐ ஒட்டி வரும். வைரத்துக்கு 3.52, ஸ்பினலுக்கு 3.60, மரகதத்துக்கு 2.72. தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். கல்லின் மேல் ஒட்டிய காற்றுக்குமிழி எண்ணைக் கூட்டிக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பை விட்டால் குமிழி ஒட்டாது. அடுத்தது கல்லின் அளவு. ஒரு காரட் கல்லுக்கு ஒதுக்கும் தண்ணீர் 0.05 கிராம்தான், தராசு ஒரு புள்ளி முன்பின் போனாலே விடை 3.3க்கும் 5க்கும் இடையில் எங்கேயோ போய் நிற்கும். சின்னக் கல்லுக்கு 0.001 கிராம் தராசு வேண்டும். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். நகையில் பதித்த கல்லுக்கு இந்த முறை உதவாது. ஈயம் கலந்த கண்ணாடியை மாணிக்கத்தின் அடர்த்திக்கே கொண்டுவரலாம் என்பதால், 4.00 வந்ததும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தால் சந்தேகம் தீரும்: மாணிக்கத்துக்கு 1.762, 1.770 என இரண்டு எண் தெரியும், கண்ணாடிக்கு ஒன்றுதான்.

இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் உலகப் புகழ் பெற்ற சாபக் கல் ஒன்று பாதியிலேயே பல்லிளித்திருக்கும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லி ஊதா நீலக்கல்' என்ற பெயரில் இருப்பது டெல்லிக் கல்லும் இல்லை, நீலக்கல்லும் இல்லை. அது ஒரு செவ்வந்திக்கல். 1857 கிளர்ச்சியின்போது கான்பூரில் இந்திரன் கோயிலிலிருந்து ஃபெரிஸ் என்ற கர்னல் கொள்ளையடித்து வந்தது என்றும், வைத்திருந்த ஒவ்வொருவரும் நாசமானார்கள் என்றும் கதை. அதன் கடைசி உரிமையாளர் எட்வர்ட் ஹெரான் ஆலன் என்ற அறிஞர். கல்லை லண்டன் கால்வாயில் வீசினாராம். தூர் வாரியவர்கள் கையில் கிடைத்து மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டதாம். கடைசியில் பெட்டிக்குள் பெட்டியாக ஏழு பெட்டியில் வைத்துப் பூட்டி, தான் இறந்து 33 ஆண்டுகள் கழியும்வரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காலமானது 1943இல். மகள் அடுத்த ஆண்டே அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். கூடவே அப்பா எழுதிவைத்த ஒரு கடிதம்: இந்தக் கல் மும்மடங்கு சபிக்கப்பட்டது, கடலில் எறிந்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதே ஊதா நீலக்கல்லைத் தலைப்பாக வைத்து ஹெரான் ஆலன் 1921இல் புனைபெயரில் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். கதைக்கு வலுச் சேர்க்கவே சாபத்தைக் கட்டினார் என்பதுதான் அருங்காட்சியகத்தாரின் கருத்து. கான்பூர் கோயிலின் நகைப் பட்டியல், கர்னலிடமிருந்து கைமாறிய ரசீது, எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் கடைசியாக வைத்திருந்தவரின் வாக்குமூலம் மட்டும்.

அடுத்தது நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. கறுப்பு ஆர்லோவ் என்ற 67.50 காரட் கரு வைரம், முதலில் 195 காரட்டாக இருந்ததாம். புதுச்சேரிக்கு அருகே ஒரு கோயிலில் பிரம்மாவின் கண்ணாக இருந்ததை யாரோ ஒரு சாமியார் பெயர்த்துக்கொண்டு ஓடினாராம். ஈசிஆரில் போனால் மூன்று மணி நேரத் தூரம், போய் விசாரிக்கலாம் என்றால் கோயிலின் பெயர் கதையில் இல்லை. பிரம்மாவுக்கு நான்கு முகம், எட்டுக் கண். எந்தக் கண் போயிற்று, மீதி ஏழும் என்னவாயின என்று கதை சொன்னவர்கள் யோசித்ததாகவும் தெரியவில்லை. கரு வைரம் பெருமளவில் கிடைப்பது பிரேசிலிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும். அதை வைத்திருந்ததாகச் சொல்லப்படும் இரண்டு ரஷ்ய இளவரசிகளும் 1947இல் மாடியிலிருந்து குதித்தார்கள் என்பது கதையின் உச்சக்கட்டம். அதற்கும் ஆதாரம் கிடைத்தபாடில்லை.

ஏன் எப்போதும் கண்? தமிழ்நாட்டுச் சிற்ப முறை தெரிந்தவருக்கு இங்கேதான் இடிக்கும். கல் விக்கிரகமோ செப்புத் திருமேனியோ, நம் வழக்கில் கண் திறப்பது என்பது ஸ்தபதி கடைசியாகச் செய்கிற வேலை. பொன்னால் ஆன உளியோ ஊசியோ வைத்து விழிக்கோட்டைக் கீறுவார். சுவாமிமலைப் பட்டறைகளிலும் இப்படித்தான். பெயர்த்தெடுக்கக் கல் எதுவும் அங்கே பதிப்பதில்லை. அம்மனுக்குச் சாத்தும் கண்மலர் வெள்ளியிலோ தங்கத்திலோ செய்த தகடு. எடுத்தால் வந்துவிடும், திருட்டும் போகிறது, ஆனால் ரத்தினம் இல்லை. வடக்கே சுவேதாம்பர ஜைனச் சிலைகளில் கண்ணாடிக் கண் ஒட்டும் வழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் யாராவது அதைப் பார்த்துவிட்டு எழுதியது பெருகிப் பெருகி எல்லா இந்தியக் கோயிலுக்கும் போயிருக்கலாம் என்பது என் ஊகம். நம் கோயில்களில் விலையுயர்ந்த கல் இருக்கும் இடம் கிரீடம், பதக்கம், அபயஹஸ்தம், ரத்தினாங்கி. உற்சவ நாளில் சாத்துவார்கள், முடிந்ததும் எண்ணிப் பார்த்துப் பெட்டகத்தில் வைப்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கதையைப் படித்தால் சுவாரஸ்யம் கூடும். மாஸ்கோ கிரெம்ளினில் ரஷ்யப் பேரரசின் செங்கோலில் பதித்த ஆர்லோவ் வைரம் 189.62 காரட், அதாவது கிட்டத்தட்ட 38 கிராம். மேலே சொன்ன கறுப்பு ஆர்லோவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய கர்நாடகப் போர்க் காலத்தில் பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய் ஒருவன், இந்து பக்தனைப் போல வேஷம் போட்டுக் கோயிலுக்குள் வேலைக்குச் சேர்ந்து, மழையும் இடியுமான ஓர் இரவில் அரங்கநாதரின் ஒரு கண்ணை மட்டும் பெயர்த்துக்கொண்டு, இன்னொன்றைத் தொடப் பயந்து, ஆற்றை நீந்திக் கடந்து ஓடினானாம். சென்னப்பட்டணம் வந்து ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனிடம் 2,000 பவுண்டுக்கு விற்றானாம். பின்னால் ரஷ்யப் பிரபு கிரிகோரி ஆர்லோவ் அதை வாங்கிப் பேரரசி காதரீனுக்குக் கொடுத்தார் என்பது வரலாறு. அதற்கு முந்தையதுதான் கதை.

கதையின் சில வடிவங்களில் ஆண்டு 1747. பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் முகாமிட்டுக் கிடந்தது 1752இல். தான் ஆதரித்த சந்தா சாகிபோடு சேர்ந்து அங்கே அடைபட்டு, அந்த ஜூனில் சரணடைந்தது. ஐந்தாண்டு முன்பே ஓடிவந்த சிப்பாய் எங்கிருந்து வந்தான்? அடுத்து, மூலவரான பெரிய பெருமாள் திருமேனி சுதையால் ஆனது. அபிஷேகம் கிடையாது, தைலக்காப்பு உண்டு. வைரம் எண்ணெய்ப் பசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கல். சுரங்கங்களில் பசை தடவிய பலகை மேல் கல்லும் தண்ணீருமாக ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தை மட்டும் பிரித்தெடுத்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். தைலம் பூசும் திருமேனியில் வைரத்தைப் பதித்தால் சில நாளிலேயே அழுக்குப் படலம் ஏறி மங்கிப்போகும்; இருட்டில் ஜொலித்துத் திருடனைக் கூப்பிடாது. அப்படியொரு வைரம் ஸ்ரீரங்கத்தில் இருந்திருந்தால் அது உற்சவர் நம்பெருமாளின் நகையில் இருந்திருக்கும். ஒளரங்கசீப்பின் அரண்மனையில் 1665இல் தவேர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் பார்த்து எழுதிய முகலாயப் பெரு வைரத்தின் உருவம், பாதியாக வெட்டிய முட்டை போன்றது. ஆர்லோவும் அதே வடிவம். இரண்டும் ஒன்றே என்று கருதுகிற நிபுணர்கள் பலர். அப்படியென்றால் கல் போன வழியில் காவேரியே வராது.

ஆனால் சென்னையில் திருட்டு வைரம் விற்றதாக ஒரு கதை பிறந்ததில் வியப்பில்லை. கொல்லூர், பர்த்தியால் போன்ற கோல்கொண்டா சுரங்கங்களின் கல் இங்கே வந்து குவிந்த காலம் அது. ஜார்ஜ் டவுனில் இன்றும் பவளக்காரத் தெரு இருக்கிறது; மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து இறக்கி, பதிலுக்கு வைரம் ஏற்றிப்போன வணிகர்களின் தெரு. கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட், 1702இல் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் பச்சை வைரம் ஒன்றை வாங்கினார். பச்சை என்றால் நிறம் இல்லை, பட்டை தீட்டாத கல். இரண்டு லட்சம் பகோடாவில் (அக்காலப் பொற்காசு) ஆரம்பித்த பேரம் 48,000இல் படிந்தது. லண்டனில் வெட்டியபின் 140.64 காரட் தேறியது. 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் ஓர்லியான் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்குப் போயிற்று. இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது.

இதற்கும் ஒரு ரத்தக் கதை ஒட்டிக்கொண்டது. சுரங்க அடிமை ஒருவன் காலில் வெட்டுக் காயம் உண்டாக்கி அதற்குள் கல்லை மறைத்துக் கொண்டுவந்தான், கப்பல் தலைவன் அவனைக் கொன்று கடலில் எறிந்தான், பிறகு மனம் உறுத்தித் தூக்கில் தொங்கினான். பிட்டே ஏமாற்றிப் பறித்தார் என்றும் லண்டனில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு பொறுக்காமல் 1710இல், ஊர் திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கனில், யார் கொண்டுவந்தார், எவ்வளவு கேட்டார், எத்தனை சுற்றுப் பேரம், எதில் முடிந்தது என்று அவர் எழுதிவைத்தார். பிட் ஒன்றும் உத்தமர் இல்லை. தன் பக்கத்தைத்தான் எழுதினார். ஆனாலும் விற்றவர் பெயர், விலை, இடம் மூன்றும் இருப்பதால் அந்தக் கல்லைப் பற்றி மட்டும் இன்று வாதாட முடிகிறது. பிரம்மாவின் கண்ணைப் பற்றி வாதாடக்கூட வழியில்லை.

ரசீது எழுதுவதைப் பற்றி வெள்ளைக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் "கல்லிலே வெட்டுக" என்றான். பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும், ரத்தினத்தைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற வேறு எடைக்கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். கணக்கு கழஞ்சு, மஞ்சாடி, குன்றியில் போகும். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, 2 குன்றி ஒரு மஞ்சாடி. முத்து என்று மொட்டையாக எழுதவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று உருவத்தையும் ஒளியையும் பிரித்திருக்கிறார்கள். மாணிக்கத்திலும் ஹளஹளம், கோமளம் என்று வகை. எடையில் சரடும் அரக்கும் சேர்ந்ததா இல்லையா என்பதுகூட வரும். விலை எத்தனை காசு என்பதும் வரும். 1014ஐ ஒட்டிய ஆவணம் இது. இன்றைய கோயில் நகைப் பதிவேடு சிலவற்றில் "சிவப்புக் கல் பதித்த பதக்கம் 1" என்று ஒரே வரியில் முடிந்திருப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

சாபமும் நம் கோயில்களில் உண்டு, கல்லில் வெட்டியே இருக்கிறது. கல்வெட்டின் கடைசியில் வரும் ஓம்படைக்கிளவி அதுதான். "இத்தர்மம் இறக்கினான் கங்கையிடைக் குமரியிடைக் குராற்பசுக் கொன்றான் பாவத்திற் படுவான்" என்கிற ரகம்; அறத்தைக் கெடுத்தவனுக்குப் பசுவைக் கொன்ற பாவம். யாரைச் சபிக்கிறது என்று பாருங்கள். விளக்குக்கு விட்ட ஆட்டை விழுங்குபவனை, நிலத்தின் வருவாயைத் திருப்பிவிடுகிறவனை, வேண்டுமென்றே கணக்கை மறக்கிற ஊர்ப் பெரியவனை. இரவில் சுவரேறி வரும் அந்நியச் சிப்பாய் அதில் இல்லை. கோயில் சொத்து உள்ளே இருப்பவன் கையால்தான் போகும் என்பதை எழுதியவர்கள் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். சாபத்தை மட்டும் நம்பி உட்காரவும் இல்லை. தவறினால் இத்தனை கழஞ்சு பொன் தண்டம் என்றும், இது பன்மாகேசுவரர் (சிவனடியார் கூட்டம்) காவல் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

இன்றைக்கும் கல் போவது அந்த வழியில்தான். பெட்டகத்தை உடைக்கத் தேவையே இல்லை; பழுது பார்க்க வெளியே போகும் நகையில் கல் மாறும். பழைய கோயில் நகைகளில் கல்லைப் பின்பக்கம் மூடிய கூட்டுக்குள், அரக்கின் மேல் மெல்லிய தகடு வைத்துப் பதித்திருப்பார்கள். கல்லைத் தனியே நிறுக்க முடியாது. பதிவேட்டில் இருப்பது மொத்த எடை. ஒரு காரட் அளவில் 20 மாணிக்கம் 4 கிராம். அதே பருமனில் சாதாரணக் கண்ணாடி வைத்தால் 2.5 கிராம். குறையும் ஒன்றரைக் கிராமைக் கூட்டுக்குள் கொஞ்சம் அரக்கு கூட்டி நிரப்பிவிடலாம். 300 கிராம் பதக்கத்தை வருடா வருடம் நிறுத்துப் பார்த்தாலும் எடை சரியாகவே இருக்கும். கல் இருபதும் போயிருக்கும்.

இதைத் தடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு கல்லுக்கும் தனி அடையாளம் வேண்டும். நகையை அளவுகோலோடு நேர் மேலிருந்து படம் எடுத்து, கற்களுக்கு எண் போட வேண்டும். கேலிப்பரில் ஒவ்வொன்றின் நீளம், அகலத்தை 0.1 மில்லிமீட்டர் வரை அளந்து எழுத வேண்டும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைலென்ஸில் தெரியும் உள்ளடையாளம்: ஊசி, இறகு, புள்ளி, விளிம்பில் சிதறல், எது கண்ணில் பட்டாலும். நாம் கல்லின் குறை என்று தள்ளுவதுதான் அதன் ரேகை. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குறைகளைச் சிலப்பதிகாரமே வரிசைப்படுத்துகிறது, இன்றும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் வைரத் தோடு வாங்கும் மாமிகள் காக்கைக்கால் இருக்கிறதா, கரும்புள்ளி இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அடையாளத்துக்கு அந்தப் புள்ளியைப் போல வேறொன்று கிடையாது.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இருட்டறையில் அடித்தால் பர்மா மாணிக்கம் கனல் போலச் சிவந்து ஒளிரும். இரும்புச் சத்து கூடிய தாய்லாந்துக் கல் ஏறக்குறைய மௌனமாக இருக்கும். இயற்கைக் கல்லைவிடச் செயற்கை மாணிக்கம் பளிச்சென்று ஒளிரும் என்பதால் ஒளிர்ந்தால் அசல் என்று எழுதிவிடக் கூடாது. வரிசையில் ஒரு கல் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் நின்றால், அதைத்தான் லூப்பில் பார்க்க வேண்டும். வளைந்த கோடுகள் தெரிந்தால் சுடரில் உருக்கிச் செய்த செயற்கைக் கல். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் அந்த முறையை வெளியிட்டது 1902இல். சோழர் காலத்து மாணிக்கம் என்று சொல்லும் ஒன்றில் அந்தக் கோடு இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. உருண்டை வைரத்தில் 57 பட்டை சீராக வெட்டியிருந்தாலும் இதே கதைதான். பழைய இந்திய வெட்டு கல்லின் எடையைக் காப்பாற்றப் பார்க்குமே தவிர பட்டைக் கணக்கைப் பார்க்காது.

"சாமி நகையில் கல் நிறம் மாறிவிட்டது, ஏதோ தெய்வக் குற்றம்" என்று வரும் பீதியில் பாதி வேதியியல். கூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் அடியில் உள்ள தகடு கறுத்து, கெம்பு கரியாகத் தெரியும். வெந்நீரில் கழுவினால் அரக்கு இளகிக் கல் ஆடும், உதிரும். எலுமிச்சையும் புளியும் முத்தைத் தின்றுவிடும். வெடிப்பில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மலிவு மாணிக்கம் எலுமிச்சைச் சாறு பட்டால் வெள்ளைக் கீறலாக வெளிறும். இதைக் காணிக்கையாகப் பெறும் கோயில்களில் இப்போது அடிக்கடி பார்க்கலாம். மரகதத்தின் வெடிப்பை மறைக்க ஏற்றிய எண்ணெய் சோப்புத் தண்ணீரிலும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் வெளியேறி, உள்ளே சிலந்தி வலை தெரியும். செவ்வந்திக்கல் நாள்பட்ட வெயிலில் வெளுக்கும், சூட்டில் மஞ்சளாகும். மெத்தென்ற பிரஷ், ஆறிய தண்ணீர், உடனே துடைத்து நிழலில் உலர்த்தல். மூடிய பதிப்புக்கு அதுகூட வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

மரகத லிங்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் 'கோயிலில் திருடிய ரத்தினம்' என்றால் உண்மையில் வழக்காக வருவது அதுதான். 2021 டிசம்பர் கடைசியில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு தஞ்சாவூரில் வங்கி லாக்கரிலிருந்து ஒன்றைக் கைப்பற்றியது. 8 சென்டிமீட்டர் உயரம், 530 கிராம். சப்தவிடங்கத் தலங்களில் ஒன்றான திருக்குவளையில் 2016இல் காணாமல் போனதாக இருக்கலாம் என்று விசாரித்தார்கள். 500 கோடி என்று செய்தியில் வந்தது. பொதுவாக இந்தக் கோடிக் கணக்குகளை லேப் அறிக்கை வரும்வரை நான் காதில் வாங்குவதில்லை. 530 கிராம் எடையுள்ள எந்தப் பச்சைக் கல்லையும் தண்ணீரில் தொங்கவிட்டால், மரகதம் என்றால் 195 கிராம் காட்டும், பச்சைக் குவார்ட்ஸ் 200, சாதாரணக் கண்ணாடி 212, ஜேடைட் என்ற பச்சைக் கல் 159. ஜேடைட்டையும் கண்ணாடியையும் சமையலறைத் தராசிலேயே பிரித்துவிடலாம். குவார்ட்ஸுக்கும் மரகதத்துக்கும் இடைவெளி 5 கிராம்தான், அடியில் ஒட்டிய பழைய மருந்துச் சாந்து ஒரு துணுக்கு இருந்தாலே கணக்கு புரண்டுவிடும். அதற்கு ஒளிவிலகல் எண்ணும் நிறமாலையும் வேண்டும். கோயில்காரர்கள் கொண்டுபோய்ச் சோதிக்கத் தயங்குவது புரிகிறது. பூஜையில் இருக்கும் மூர்த்தம். ஆனால் எடையும் உயரமும் நான்கு பக்கப் படமும் எடுப்பதற்கு ஆகமத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

படம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராஜரே சாட்சி. 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியதை 2014இல் திருப்பிக் கொடுக்க வைத்ததில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பெரும் பங்கு. ரத்தினத்துக்கு இந்த வசதி குறைவு. சிலையை வெட்ட மாட்டார்கள். கல்லைத் திருடியவன் முதலில் செய்வது மறுபடி பட்டை தீட்டுவது. பிரெஞ்சு அரச கருவூலத்தில் 69 காரட்டாக இருந்த நீல வைரம் 1792இல் திருட்டுப் போய், 45.52 காரட் ஹோப் வைரமாக வெளியே வந்தது. சீதை சிலையின் கண் என்ற கதையை அதற்கும் கட்டிவிட்டார்கள்; கொண்டுவந்த தவேர்னியேவை நாய்கள் கிழித்தன என்றும் சொன்னார்கள். மனிதர் எண்பதைத் தாண்டி வாழ்ந்து மாஸ்கோவில் இறந்தார். இரண்டு வைரமும் ஒன்றுதான் என்று உறுதியானது, 2007இல் பாரிஸில் பழைய கல்லின் ஈய வார்ப்பு ஒன்று கிடைத்து, அளவெடுத்துப் பொருத்திப் பார்த்த பிறகு.

அறநிலையச் சட்டம் 1959இன் 29ஆவது பிரிவு, சொத்துப் பதிவேட்டில் நகை, ரத்தினங்களின் எடையும் சேர்மானமும் மதிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. உபயதாரராக நீங்கள் கோயிலுக்குக் கல் நகை கொடுப்பதானால், லேப் சான்றிதழின் நகலைக் கொடுத்து, ரசீதில் கல்லின் பெயர், எண்ணிக்கை, காரட் எடை எழுதச் சொல்லிக் கேளுங்கள். "கல் வைத்த நெக்லஸ்" என்று எழுதினால் வாங்காதீர்கள். பழைய வீட்டைத் தோண்டும்போது எதுவும் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். யாராவது கோயில் கல் என்று கொண்டுவந்தால், விலை பேசாமல், முன்பணம் கொடுக்காமல், தொடாமல் அனுப்பிவிடுங்கள். தெரிந்தே திருட்டுச் சொத்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. கோயில் பெயர் கதையில் வந்திருந்தால் அதை மட்டுமாவது சொல்லிவிட்டு வாருங்கள்.